ஒரே மருந்து, இரண்டு வேகம்: ஏடிஎச்டி மாத்திரைகள் உடம்பில் கலக்கும் கணக்கு

"அண்ணாச்சி, போன மாசம் மூணு வேளைக்கும் பத்து எழுதினாரு. இப்போ காலையில ஒண்ணு மட்டும், பதினெட்டுன்னு எழுதியிருக்காரு. பிள்ளைக்கு வீரியம் கூட்டிட்டாரா?" நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக்கடைக்கு முன்னால் நிற்கும் தாய்மாருக்கு இயல்பாக வரும் சந்தேகம் இது. அட்டையில் கண்ணுக்குத் தெரிவது மில்லிகிராம் எண் மட்டும்தான். பத்தைவிடப் பதினெட்டு பெரிது என்று யாரும் நினைக்கத்தானே செய்வார்கள்? ஆனால் உண்மை நேர் எதிர். பத்து மில்லிகிராம் சாதாரண மாத்திரையை மூன்று வேளை சாப்பிட்ட பிள்ளைக்கு, அதே அளவு மருந்து தரும் நீண்டநேர மாத்திரை முப்பத்தாறு மில்லிகிராம். பதினெட்டு என்பது அதில் பாதி. டாக்டர் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார்.

இந்தக் குழப்பம் ஒரு தாயின் குழப்பம் மட்டும் இல்லை. மாத்திரை என்றாலே எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுப் பழகிவிட்டோம். எத்தனை மணி நேரத்தில் அது இரத்தத்தில் கலக்கிறது என்று கேட்டுப் பழகவில்லை. ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் ஊக்கி மருந்துகளில் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். பிள்ளைக்குப் பலன் கிடைப்பது, மத்தியானம் பசிக்காதது, சாயங்காலம் எரிச்சல் வருவது, ராத்திரி தூக்கம் கெடுவது, ஏன், அந்த மருந்தைத் தவறாகப் பயன்படுத்த முடிகிறதா என்பதுகூடப் பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் ஏடிஎச்டிக்கு எழுதப்படும் ஊக்கி மருந்து மெத்தில்ஃபெனிடேட். இன்ஸ்பைரல், ஆட்வைஸ், கான்சர்ட்டா என்ற பெயர்களில் வந்திருக்கிறது. 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிசோன் இதை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா; அதிலிருந்து வந்ததுதான் ரிட்டலின் என்ற பழைய வணிகப் பெயர். ஊக்கி மருந்து பிள்ளைகளின் கவனத்தைச் சீராக்கும் என்பது அதற்கு முன்பே, 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் வேறொரு ஊக்கியைக் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். எண்பது ஆண்டுகளாக இந்த மூலக்கூறு அப்படியே இருக்கிறது. மாறிக்கொண்டே வந்தது அதைப் பொதிந்து கொடுக்கும் மாத்திரையின் கட்டமைப்பு.

சாதாரண மாத்திரை போகும் வழி

உடனடியாக மருந்தை விடும் சாதாரண மாத்திரையை முதலில் பார்ப்போம். தண்ணீரோடு விழுங்கிய சில நிமிடங்களில் அது இரைப்பையில் உடைந்து கரையத் தொடங்கிவிடும். ஆனால் கரைவது வேறு, உறிஞ்சப்படுவது வேறு. மெத்தில்ஃபெனிடேட் வலுக்குறைந்த காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்த்தன்மை) உள்ள பொருள். இரைப்பையின் அமிலத்தில் அதன் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட எல்லாமே மின்னூட்டம் ஏறிய நிலையில் இருக்கும். மின்னூட்டம் உள்ள மூலக்கூறு கொழுப்பால் ஆன செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டாது. சிறுகுடலுக்கு வந்ததும் அமிலத்தன்மை குறைகிறது, மின்னூட்டம் இல்லாத பங்கு கூடுகிறது. அதோடு சிறுகுடலின் உள்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள் இருப்பதால் பரப்பும் மிகப் பெரிது. மருந்து முக்கியமாக உள்ளே போவது அங்கேதான். ஆக, இரைப்பை தன் உள்ளடக்கத்தை எப்போது சிறுகுடலுக்குத் தள்ளுகிறது என்பதுதான் முதல் வாசல்.

இரண்டாவது வாசல் கல்லீரல். குடலில் உறிஞ்சப்பட்ட எதுவும் நேராக மூளைக்குப் போவதில்லை. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே கார்பாக்சில் எஸ்டரேஸ் 1 என்ற நொதி மெத்தில்ஃபெனிடேட்டைப் பிடித்து ரிட்டலினிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலத்தால் மூளைக்கு எந்தப் பயனும் இல்லை, சிறுநீரில் போய்விடும். குடல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிக்கொண்டாலும், கல்லீரலைத் தாண்டி உடம்பின் பொது இரத்த ஓட்டத்துக்கு வந்துசேர்வது சராசரியாக முப்பது சதவீதம்தான். பத்து மில்லிகிராம் விழுங்கினால் உண்மையில் வேலை பார்ப்பது மூன்று மில்லிகிராம் அளவு.

'சராசரியாக' என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் இது பதினொரு சதவீதத்திலிருந்து ஐம்பது சதவீதத்துக்கு மேல் வரை மாறுகிறது. சிலருக்கு அந்த நொதியின் மரபணுவிலேயே மாற்றம் இருக்கும். அவர்கள் உடம்பில் மருந்து மெதுவாகத்தான் சிதையும், அளவு கூடுதலாக நிற்கும். ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஐந்து மில்லிகிராமே போதும், இன்னொருவனுக்குப் பதினைந்து வேண்டும் என்பது இதனால்தான். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு இவ்வளவுதானே எழுதியிருக்கு" என்று ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. டாக்டர் சிறிய அளவில் ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டிப் பார்ப்பதைச் சோதனை எலியாக நடத்துவது என்று சில வீடுகளில் வருத்தப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையின் கல்லீரல் எவ்வளவு தின்கிறது என்பதை அறிய நடைமுறையில் இருக்கும் நல்ல வழி அதுதான்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். இரத்தத்தில் உச்ச அளவை எட்ட ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதன் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் பலன் மூன்று, நான்கு மணி நேரம்.

இதைப் பள்ளிக்கூட நாளின் மேல் வைத்துப் பாருங்கள். அருமனையிலிருந்தோ கருங்கலிலிருந்தோ பள்ளி வேனில் ஏறும் பிள்ளைக்கு ஏழரை மணிக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். வேனில் உட்கார்ந்திருக்கும்போதே மருந்து ஏறத் தொடங்குகிறது. முதல் பீரியடில் உச்சத்தில் நிற்கிறது. பதினொன்றரை மணி வாக்கில் இறங்கிவிடுகிறது. மத்தியானத்துக்கு மேல் இருக்கும் கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் மருந்தே இல்லை. இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எரிச்சல், அழுகை, காலையில் இருந்ததைவிட அதிகத் துடிப்பு என்று ஒரு திருப்பம் வரும். டீச்சர் வீட்டுக்கு எழுதி அனுப்புவது அந்த நேரத்து நடத்தையைப் பற்றித்தான். பெற்றோர் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்து கேட்டது. நேரம் முடிந்துபோயிற்று.

தீர்வு, மதியம் இன்னொரு வேளை. சொல்வது எளிது. பள்ளியில் அந்த மாத்திரையை யார் வைத்திருப்பது, யார் ஞாபகமாகக் கொடுப்பது, கூடப் படிக்கும் பிள்ளைகள் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்? பத்து, பன்னிரண்டு வயதில் அந்தக் கூச்சம் சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் மாத்திரையைப் பையில் ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீண்டநேர மாத்திரைகள் பிறந்ததற்கு மருந்தியல் காரணம் ஒன்று என்றால், இந்த மதிய வேளைச் சங்கடம் இன்னொன்று.

மெதுவாக்கும் மூன்று வழிகள்

முதல் வழி பழையது. மருந்தைத் தனியாக வைக்காமல் மெழுகு போன்ற பொருளிலோ, தண்ணீர் பட்டதும் களியாக ஊதும் செல்லுலோஸ் பொருளிலோ கலந்து அழுத்தி மாத்திரையாக்குவது. குடல் நீர் அதன் வெளிப்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறும். மருந்து அந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் நெடுநேரம் இனிக்கும், அதையே பொடித்துப் போட்டால் உடனே கரைந்துவிடும் இல்லையா, அந்தக் கணக்குதான். எஸ்ஆர் என்று பெயருக்குப் பின்னால் போட்டு வரும் மாத்திரைகள் பல இந்த வகை.

இந்த வகையில் பிள்ளைகளுக்கு உச்ச அளவு வர சராசரியாக நாலே முக்கால் மணி நேரம் ஆகிறது; சாதாரண மாத்திரைக்கு அது இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. பலன் எட்டு மணி நேரம் வரை. குறை என்னவென்றால் தொடக்கம் மந்தம். முதல் பீரியட் முழுக்கப் பிள்ளை பழையபடியே இருப்பான். சில டாக்டர்கள் காலையில் எஸ்ஆரோடு ஒரு சின்னச் சாதாரண மாத்திரையும் சேர்த்து எழுதுவது அந்த இடைவெளியை நிரப்பத்தான். ஒரே மருந்தை இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்து ஒன்றை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வழி, கேப்ஸ்யூலுக்குள் குருணைகள். பாதிக் குருணைகள் உடனே கரையும். மீதிப் பாதியின் மேல் ஒரு பூச்சு. அது விலகி மருந்து வெளிவர நான்கு மணி நேரம் போல ஆகும். இரத்தத்தில் அளந்தால் இரண்டு மேடுகள் தெரியும், காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையில் கொடுத்ததுபோல. முப்பது சதவீதம் உடனடி, எழுபது சதவீதம் தாமதம் என்று பிரித்த கேப்ஸ்யூல்களும் உண்டு.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது மாத்திரை வடிவில் இருக்கும் ஒரு சின்ன பம்ப். கலிபோர்னியாவின் ஆல்சா நிறுவனம் சவ்வூடு பரவலை வைத்துச் செய்த வடிவமைப்பு. கான்சர்ட்டாவுக்கு 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெளியே மருந்துப் பூச்சு. மொத்த மருந்தில் இருபத்திரண்டு சதவீதம் அதில் இருக்கிறது. பதினெட்டு மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு மில்லிகிராம் பூச்சில், பதினான்கு உள்ளே. பூச்சு ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து முதல் பீரியடுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். அதற்கு உள்ளே, தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஒரு கெட்டியான சவ்வு. சவ்வின் ஒரு முனையில் லேசரால் போட்ட துளை. உள்ளே மூன்று அடுக்கு: துளைக்குப் பக்கத்தில் மருந்து குறைவாக உள்ள அடுக்கு, அடுத்து மருந்து அதிகமாக உள்ள அடுக்கு, கடைசியில் மருந்தே இல்லாத, தண்ணீர் பட்டால் ஊதும் அடுக்கு. குடல் நீர் சவ்வு வழியே உள்ளே நுழைய நுழையக் கடைசி அடுக்கு ஊதி, முன்னால் இருக்கும் மருந்தைத் துளை வழியே தள்ளும். முதலில் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் மருந்து வெளியே வரும். இரத்த அளவு காலையிலிருந்து படிப்படியாக ஏறி ஆறு முதல் பத்து மணி நேரத்தில் உச்சம் தொடும். பலன் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்.

வேலை முடிந்ததும் காலி ஓடு அப்படியே மலத்தில் வெளியே வரும். அதைப் பார்த்து மாத்திரை செரிக்கவே இல்லை என்று பயந்துபோய் மறுபடி ஒன்று கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அது வெறும் ஓடு. மருந்து உள்ளே போயாயிற்று. அந்த ஓடு உருக்குலையாது என்பதால், குடலில் எங்காவது கடுமையான சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகையைக் கொடுக்கக் கூடாது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சிறுகுடலை எதுவும் கடக்க ஆகும் நேரம் மூன்று, நான்கு மணி நேரம்தான். பிறகு எப்படி எட்டு, பத்து மணி நேரம் மருந்து உறிஞ்சப்படுகிறது? மெத்தில்ஃபெனிடேட்டைப் பெருங்குடலும் உறிஞ்சும். நீண்டநேர மாத்திரையின் பின்பாதி வேலை முழுக்கப் பெருங்குடலில் நடக்கிறது. பெருங்குடலில் உறிஞ்சப்படாத மருந்துகளுக்கு இப்படி ஒரு மாத்திரை செய்யவே முடியாது. கடுமையான வயிற்றுப்போக்கு உள்ள நாளில் பலன் சீக்கிரம் முடிந்ததுபோலத் தோன்றினால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

ஏன் ஏறிக்கொண்டே போக வேண்டும்?

நாள் முழுக்க ஒரே அளவில் வைத்திருந்தால் போதாதா? அப்படித்தான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் சுவான்சன் குழு பிள்ளைகளுக்குப் பல வடிவங்களில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1999-இல் முடிவு வெளிவந்தது. இரத்தத்தில் ஒரே மட்டமாக மருந்து இருந்த பிள்ளைகளுக்குப் பிற்பகலில் பலன் தெளிவாகக் குறைந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் மூளை அதற்குப் பழகிவிட்டது. சில மணி நேரத்துக்குள்ளேயே வரும் இந்தத் தற்காலிகப் பழக்கம் ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஏறுமுகமாகக் கொடுத்தபோது பலன் சாயங்காலம் வரை நின்றது. மேலே சொன்ன பம்ப் மாத்திரை இந்த அறிவின் மேல் கட்டப்பட்டது. மாத்திரையின் வடிவம் என்பது மருந்தை எடுத்துச் செல்லும் பொட்டலம் மட்டும் இல்லை, அதுவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. 2014 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கான்சர்ட்டாவுக்கு மாற்றாக விற்கப்பட்ட இரண்டு நிறுவனங்களின் மாத்திரைகளை, 'தானாக மாற்றிக் கொடுக்கலாம்' என்ற பட்டியலிலிருந்து விலக்கியது. மருந்தும் ஒன்றுதான், மில்லிகிராமும் ஒன்றுதான். ஆனால் விழுங்கி ஏழு மணி நேரத்துக்குப் பிறகு மருந்து போதிய வேகத்தில் வெளிவராமல் போகலாம் என்று தெரிந்தது. பொதுவாக விலை குறைந்த மாற்று மருந்துகளுக்கு நான் எதிரி இல்லை. காய்ச்சல் மாத்திரைக்கும் பெரும்பாலான மருந்துகளுக்கும் அவை நன்றாகவே போதும். நீண்டநேர ஊக்கி மாத்திரை விஷயத்தில் மட்டும், கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்று வேறொன்றை நீட்டினால், டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மூளைக்குப் போகும் வேகமும் போதையும்

மெத்தில்ஃபெனிடேட் மூளையில் செய்யும் வேலை, நரம்பு செல்கள் வெளியே விட்ட டோபமைன், நோரட்ரினலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்களை அடைப்பது. அதனால் அந்த இரண்டும் நரம்பிணைப்புகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். கொக்கெயினும் டோபமைன் வாயிலைத்தான் அடைக்கிறது. இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறும். "அப்போ பிள்ளைக்குப் போதை மருந்தா கொடுக்கிறோம்?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், வேகத்தைப் பார் என்பதுதான். 1990-களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நோரா வோல்கோவும் சக ஆய்வாளர்களும் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மருத்துவ அளவில் வாய்வழியாகக் கொடுத்த மெத்தில்ஃபெனிடேட்டும் பாதிக்கு மேல் டோபமைன் வாயில்களை அடைத்தது. ஆனால் உச்சத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விழுங்கியவர்களுக்குப் போதை ஏறிய உணர்வு வரவில்லை. ஊசி வழியே இரத்தக் குழாயில் ஏற்றிய கொக்கெயின் சில நிமிடங்களில் மூளையில் உச்சம் தொடுகிறது. அடைபடும் வாயில்களின் எண்ணிக்கையைவிட, அவை எவ்வளவு திடீரென்று அடைபடுகின்றன என்பதுதான் அந்தக் கிளர்ச்சிக்குக் காரணம். மெதுவாக ஏறும் மருந்து பாடத்தைக் கவனிக்கத் துணை செய்கிறது. அதே மருந்தைத் திடீரென்று ஏற்றினால் பழக்க அடிமைத்தனத்துக்கு வழி திறக்கிறது.

இதிலிருந்து நேரடியாக வரும் எச்சரிக்கை, நீண்டநேர மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மாத்திரை விழுங்க அடம் பிடிக்கும் பிள்ளைக்கு மட்டிப் பழத்தில் பிசைந்து கொடுத்துவிடுவது நம் வீடுகளில் நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியம். எஸ்ஆர் மாத்திரையைப் பொடித்தால் எட்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும். நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், பிள்ளை நடுங்கும், மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமே இருக்காது. விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். குருணை கேப்ஸ்யூல்களில் சிலவற்றைத் திறந்து, ஆறிய மென்மையான உணவு ஒரு கரண்டியில் தூவிக் கொடுக்கலாம்; அப்போதும் குருணைகளை மெல்லக் கூடாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. படிப்பின் மேல் நமக்கு இருக்கும் ஆசை பெருமைக்குரியது. அந்த ஆசையே நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை, தம்பிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுத்துப் போட்டுப் பார்க்கத் தூண்டலாம். குறைபாடு இல்லாதவருக்கு அது அறிவைக் கூட்டாது. விழித்திருக்க வைக்கும், அவ்வளவுதான். தூக்கம் போனால் படித்ததும் மனதில் நிற்காது. இதயக் கோளாறு இருப்பது தெரியாமல் எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் பூட்டி வையுங்கள்.

பெரியவர்களுக்கும் இப்போது ஏடிஎச்டி கண்டுபிடிக்கப்படுவதால் மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குருணை கேப்ஸ்யூல் ஒன்றை ஆய்வகத்தில் நாற்பது சதவீத ஆல்கஹாலில் போட்டபோது ஒரு மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட முழு மருந்தும் வெளியே வந்துவிட்டது. அதோடு கல்லீரலில் அதே நொதி மதுவையும் மருந்தையும் சேர்த்து எத்தில்ஃபெனிடேட் என்ற வேறொரு ஊக்கியை உண்டாக்குகிறது. இரண்டும் ஒன்றாகப் போகவே கூடாது.

புட்டும் பயறும், திரும்பி வரும் டிபன் பாக்ஸும்

சாப்பாட்டோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா? பம்ப் வகைக்கு இது பொருட்டில்லை. கொழுப்பு அதிகமான காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தும் உறிஞ்சுதலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குருணை வகையில், கொழுப்பான உணவு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதால் முதல் மேடு தள்ளிப்போகலாம். தேங்காய் அதிகமாகச் சேரும் நம் காலைப் பலகாரங்களுக்கு இது பொருந்தும். சாதாரண மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை, முக்கால் மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்லித்தான் ரிட்டலின் குறிப்பில் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பசி எடுக்காமல் போவது பெரிய தொல்லையாக இருந்தால், புட்டும் பயறும் ஏத்தன் பழமும் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டு அப்புறம் மாத்திரை கொடுக்கும்படி பல டாக்டர்கள் சொல்வார்கள். அதுவே நல்லது என்பது என் கருத்து. எந்த முறையானாலும் தினமும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு நாள் வெறும் வயிறு, ஒரு நாள் நிறைவயிறு என்று மாற்றினால் பலனில் வரும் ஏற்ற இறக்கம் எதனால் என்று யாருக்கும் புரியாது.

மதியம் டிபன் பாக்ஸ் கொண்டுபோனபடியே திரும்பி வரும். தாய்மாரின் மனதை அதிகமாக வருத்துவது இதுதான். நீண்டநேர மாத்திரை மதியத்தில் ஏறுமுகத்தில் இருக்கும்போது பசி அடங்கிக் கிடக்கும். அது பிடிவாதம் இல்லை. திட்டி ஊட்டுவதைவிட, மருந்து இறங்கும் நேரத்தைக் கணக்கு வைத்து, சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கும் மீனுமாக நன்றாகக் கொடுத்து, ராத்திரி இன்னொரு முறை கொடுக்கலாம். எடையும் உயரமும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கப்பட வேண்டும். பார்க்காவிட்டால் கேளுங்கள்.

காலையில் கொடுக்க மறந்துவிட்டு மத்தியானம் ஞாபகம் வந்தால், பன்னிரண்டு மணி நேர மாத்திரையை அப்போது கொடுக்காதீர்கள். நள்ளிரவு வரை பிள்ளை தூங்க மாட்டான். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலை கொடுப்பதுதான் சரி. விட்டதை ஈடுகட்ட இரண்டாகவும் கொடுக்கக் கூடாது.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் என்பதால் ஈரப்பதத்தையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே ஊறுவதை வைத்து வேலை செய்யும் மாத்திரைகள் இவை. வாரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுச் சமையலறையில் வைப்பது வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் பிரித்தால் போதும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகள் வழக்கமாகப் போகும் திருவனந்தபுரமானாலும், "நல்லா இருக்கு", "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரை கொடுத்த மணி, பிள்ளை அடங்கி உட்கார்ந்த மணி, டீச்சர் குறை சொன்ன பீரியட், எரிச்சல் வந்த மணி, பசித்த மணி, தூங்கிய மணி. ஒரு வாரத்துக்கு இதை ஒரு பழைய நோட்டில் எழுதிக் கொண்டுபோனால், அளவு போதவில்லையா, நேரம் போதவில்லையா என்று டாக்டரால் பிரித்துப் பார்க்க முடியும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. காலை பத்து மணிக்கே பலன் இல்லை என்றால் அளவைக் கூட்டலாம். பத்து மணிக்கு நன்றாக இருந்து இரண்டு மணிக்குக் கெட்டுப்போகிறது என்றால், அளவைக் கூட்டுவது காலையில் பக்கவிளைவைத்தான் கூட்டும். மாற்ற வேண்டியது மாத்திரையின் வகை.

கடைசியாக, வாங்கும் முறை. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. அதற்கென்று தனி உரிமம் பெற்ற கடைகள்தான் விற்கலாம். டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது என்பது அதனால்தான். கடைசி மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல், கையில் ஒரு வாரத்துக்கு மருந்து இருக்கும்போதே கடையில் விசாரித்துவிடுங்கள். அந்த வகை இருப்பில் இல்லை, சாதாரண மாத்திரைதான் இருக்கிறது என்றால், பதினெட்டுக்குப் பதில் இரண்டு பத்து என்று நீங்களே கணக்குப் போட்டு ஒரே வேளையில் கொடுத்துவிட வேண்டாம். காலை, மதியம், பிற்பகல் என்று எத்தனை வேளை, வேளைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு, புதுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.